அனுப்பப்படாத கடிதமும் வந்து சேர்ந்த நாட்குறிப்பும்

2003ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1ஆம் திகதி, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள கென்னடி விண்வெளி நிலையத்தில், நீண்டு கிடந்த ஓடுபாதையின் அருகே சில குடும்பங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றன. பதினாறு நாட்கள் பூமியைச் சுற்றிவந்த கொலம்பியா விண்ணோடம் 9.16 மணிக்கு அந்த ஓடுபாதையில் இறங்க வேண்டும். பெரியதொரு கடிகாரம் எஞ்சிய நிமிடங்களைப் பின்னோக்கி எண்ணிக் கொண்டிருந்தது. விண்ணோடம் நெருங்கும்போது எழும் இரட்டை இடியோசைக்காக எல்லோரும் செவிகளைத் தீட்டிக் கொண்டிருந்தனர். ஓசை எழவில்லை. கடிகாரம் பூச்சியத்தைத் தொட்டது. பின்னர் அது முன்னோக்கி எண்ணத் தொடங்கியது. வானம் வெறுமையாகவே இருந்தது.

நம் நாட்டில் அப்போது இரவு எட்டு மணி தாண்டியிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவரை ஆலயத்தில் காணிக்கையாக அளித்த திருநாள். மெழுகுதிரிகளை மந்திரிப்பதற்காக ஆலயம் சென்றவர்களுள் பலர் வானொலியில் அச்செய்தியைக் கேட்டுவிட்டே சென்றனர். உரோமையில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மூவேளைச் செபத்தின்போது, உயிரிழந்தோருக்காக மன்றாடுமாறு கேட்டுக் கொண்டார். கொலம்பியாவில் இருந்த எழுவரும் டெக்ஸஸ் மாநிலத்தின் மேலே, ஏறத்தாழ 60 கிலோ மீற்றர் உயரத்தில் மாண்டு போயிருந்தனர்.

அந்த எழுவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். இங்கு நாம் பேச விரும்புவது இரண்டு எழுத்துக்களைப் பற்றியே. ஒன்று, அந்த உயரத்திலிருந்து நெருப்பினூடாக விழுந்தும் உரியவரின் கைக்கு வந்து சேர்ந்த ஒரு நாட்குறிப்பு. மற்றையது, ஒரே அலுவலகத்தினுள்ளே இருந்தவர்களுக்கு எழுதப்பட்டும் அனுப்பப்படாது போன ஒரு கடிதம்.

முதலில் அந்த எழுவரையும் சற்று அறிந்து கொள்வோம்.

தலைவர் றிக் ஹஸ்பண்ட், டெக்ஸஸின் அமரில்லோ நகரத்தவர். விண்வெளி வீரராக வேண்டுமென்பது சிறு பராயக் கனவு. மூன்று தடவைகள் விண்ணப்பித்துத் தோல்வி கண்டார். நான்காவது தடவையே, 1994இல், தெரிவு செய்யப்பட்டார். நல்ல குரல்வளம் படைத்தவர். தம் கோவிலின் பாடகர் குழுவில் பாடி வந்தவர். துணைத் தலைவராக விண்ணோடத்தைச் செலுத்திய வில்லியம் மக்கூல், கடற்படைக் கல்லூரியில் 1983ஆம் ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவருள் இரண்டாமவராகத் தேறியவர். மைக்கல் அண்டர்சன் கறுப்பின மக்களுள் விண்ணுக்குச் சென்ற ஒரு சிலருள் ஒருவர். 1998இல் ரஷ்யாவின் மீர் நிலையத்திற்குச் சென்று வந்தவர். டேவிட் பிரவுண் ஒரு மருத்துவர், அதேவேளை போர் விமானி. கல்லூரி நாட்களில் சர்க்கஸில் அந்தர் அடித்தவர் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். லோரல் கிளார்க்கும் கடற்படை மருத்துவரே. எட்டு வயது மகனை வீட்டில் விட்டு வந்த தாய்.

கல்பனா சாவ்லாவை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஹரியானாவின் கர்னால் என்ற நகரில் பிறந்து, 1982இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்று, விமானப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவருடைய வெற்றியை மட்டுமே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். 1997இல் இதே கொலம்பியாவில் அவர் முதன்முறை பறந்தபோது, அவர் விண்ணில் விடுவித்த செய்மதியொன்று செயலிழந்து சுழன்றது. வீரர்கள் இருவர் வெளியே சென்று அதனைக் கைகளாற் பற்றி மீட்க நேர்ந்தது. பழி முதலில் அவர் மீது விழுந்தது. பின்னர் நடந்த ஆய்வு, மென்பொருளும் நடைமுறைகளும் தவறுக்குக் காரணமாயிருந்தன என்று கண்டது. அந்தப் பழியைச் சுமந்தபடி ஓசையின்றி உழைத்தே அவர் இரண்டாம் பயணத்தைப் பெற்றார்.

எழுவருள் இலான் ரமோன் ஒருவரே அமெரிக்கர் அல்லாதவர். இஸ்ரேலின் முதலாவது விண்வெளி வீரர். விமானப் படைக் கேணல். 1981இல் ஈராக்கின் அணு உலையைத் தாக்கியழித்த விமானிகளுள் வயதில் மிக இளையவர். போர்த்தொழில் புரிந்தவரென்பதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய தாயார் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்து உயிர் தப்பியவர்.

யூதர் ஒருவர், இந்தியப் பெண் ஒருவர், கறுப்பினத்தவர் ஒருவர், வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். ஒரு சிறிய அறையளவேயான இடத்தில், சிவப்பு அணி, நீல அணி என இரண்டாகப் பிரிந்து, இரவு பகலாக மாறி மாறி வேலை செய்தனர். செய்ய வேண்டிய ஆய்வுகள் ஏறத்தாழ 80. தூசுப் படலம் எவ்வாறு மழையைப் பாதிக்கிறது, எடையற்ற நிலையில் சுவாலை எவ்வாறு எரிகிறது, எலும்பு எவ்வாறு தேய்கிறது என்பன அவற்றுட் சில. சீன மாணவர்கள் அனுப்பிய பட்டுப்புழு ஒன்று கூட்டிலிருந்து வெளிவந்து சிறகுகளை விரிப்பதைக் கண்ட லோரல், உயிர் எங்கெல்லாம் தொடர்கிறது என்று வியந்து பூமிக்குச் சொன்னார்.

றிக் ஹஸ்பண்டும் அண்டர்சனும் ஹியூஸ்டனில் ஒரே கோவிலுக்குச் சென்றவர்கள். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றை ஹஸ்பண்ட் செய்தார். பயணத்துக்கு முன்னர், தம் இரு பிள்ளைகளுக்குமாக, தாம் விண்ணில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றென, தனித்தனியே ஒளிநாடாக்களைப் பதிவு செய்தார். மகளுக்கு வயது பன்னிரண்டு, மகனுக்கு ஏழு. ஒவ்வொரு நாடாவிலும் தந்தை வேதாகமத்தின் ஒரு பகுதியை விளக்கிப் பிள்ளையோடு சேர்ந்து செபிக்கிறார். தொலைவிலிருக்கும் தகப்பன் பரிசுப் பொருள் அனுப்புவது வழக்கம். பணியின் நெருக்கடி மிகுந்த கடைசி நாட்களிலே, ஒளிப்பதிவுக் கருவியின் முன்னமர்ந்து குடும்பச் செபத்தைச் சேமித்து வைத்த தகப்பனை நாம் அதிகம் கண்டதில்லை.

ஏவுதளத்திற்குப் புறப்படும் முன் ஹஸ்பண்ட் தம் குழுவினரை வட்டமாக நிற்கச் செய்து இறைவேண்டல் செய்தார். நல்லதொரு நாளைத் தந்தமைக்காக ஆண்டவருக்கு நன்றி கூறிய சொற்கள், ஏவுதலுக்குச் சற்று முன்னர் வானலையிலும் கேட்டன. ஜனவரி 16ஆம் திகதி காலை 10.39க்குக் கொலம்பியா தன்னுடைய 28ஆவது பயணத்தைத் தொடங்கியது.

ரமோன் கொண்டு சென்ற பொருட்கள் தனியே சொல்லத்தக்கவை. அவற்றுள் ஒன்று, ஓர் உள்ளங்கையில் அடங்கும் தோரா சுருள். 1944இல் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில், ஆம்ஸ்ரடாமிலிருந்து கொண்டுவரப்பட்ட யூத குரு ஒருவர், பதின்மூன்று வயதை அடையும் சிறுவனொருவனை விடியலுக்கு முன் எழுப்பி, காவலர் கண்ணிற் படாது மறைமொழிகளைக் கற்பித்து, பருவமடைந்த யூதனாக உறுதிப்படுத்தினார். தம்மிடமிருந்த அச்சிறு சுருளை அவனுக்குக் கொடுத்தார்; நடந்ததை ஒருநாள் உலகுக்குச் சொல் என்று கேட்டுக் கொண்டார். குரு முகாமிலேயே மாண்டார். சிறுவன் பிழைத்தான். அந்தச் சிறுவனே பின்னாளில் இஸ்ரேலிய விஞ்ஞானியான ஜோவாகிம் ஜோசப். கொலம்பியாவில் ரமோன் நடத்திய தூசுப் படல ஆய்வின் தலைவரும் அவரே. அவருடைய வீட்டில் சுருளைக் கண்ட ரமோன், இதனை நான் விண்ணுக்குக் கொண்டு செல்லலாமா என்று கேட்டார். பயணத்தின் இடையே, இஸ்ரேலியப் பிரதமருடன் நேரடியாக உரையாடியபோது அச்சுருளை உயர்த்திக் காட்டினார்.

மற்றையது ஒரு பென்சிற் சித்திரத்தின் பிரதி. செக் நாட்டின் பிராக் நகரச் சிறுவன் பீற்றர் கின்ஸ், தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் வரைந்தது. கூர்மையான நிலவு மலைகள். அவற்றுக்கு அப்பால், கருவானில் தொங்கும் நமது பூமி. மனிதன் சந்திரனுக்குப் போவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, மதிற்சுவருக்குள் இருந்த ஒரு பையன் அங்கு போய் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறான். 1944இல், பதினாறு வயதில், அவன் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டான்.

ரமோன் தீவிர மதப்பற்றுள்ளவரல்லர். எனினும் தம் மக்கள் அனைவர் சார்பாகவும் செல்கிறோம் என்ற எண்ணத்தினால், யூத முறைப்படி தயாரித்த உணவையே கேட்டுப் பெற்றார். ஓய்வுநாளை அனுசரிக்கவும் விரும்பினார். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. விண்ணோடத்தில் தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் உதித்து மறைகிறது. அவ்வாறெனில் பத்தரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஓய்வுநாள் வந்துவிடுமே! யூத குருமார் கூடி ஆராய்ந்து, புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கைக்கொண்டால் போதுமென்று தீர்த்து வைத்தனர். வெள்ளி இரவில் திராட்சை இரசத்தின் மீது சொல்லும் ஆசீர் மன்றாட்டைப் பிழையின்றிச் சொல்வதற்காக, ரமோன் அதனைத் தம் கையாலேயே தம் நாட்குறிப்பில் எழுதிக் கொண்டார். ஆறாம் நாளில், இன்றுதான் விண்வெளியில் உண்மையாகவே வாழ்கிறேன் என்ற உணர்வு வந்தது என்ற கருத்துப்பட அதே நாட்குறிப்பில் எழுதினார்.

அந்த நாட்களில் பூமியில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

கொலம்பியா எழுந்து 82 வினாடிகள் கடந்திருந்த வேளை, வெளிப்புற எரிபொருட் தாங்கியில் பூசப்பட்டிருந்த காப்பு நுரையில் ஒரு துண்டு கழன்றது. ஒரு கைப்பெட்டியின் அளவு. எடை முக்கால் கிலோ. நுரைதானே, பஞ்சுபோன்றதுதானே என்று நாம் நினைப்போம். ஆனால் அது இடது சிறகின் முன்னோரத்தை மணிக்கு 800 கிலோ மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் மோதிற்று. திரும்பி வரும்போது 1,500 பாகை செல்சியசையும் தாண்டும் வெப்பத்தைத் தாங்க வேண்டிய காபன் தகடுகள் அங்குதான் இருந்தன.

மறுநாளே, ஏவுதலைப் பதிவு செய்த படங்களில் பொறியியலாளர்கள் அம்மோதலைக் கண்டனர். ஆனால் சேதத்தின் அளவு படத்தில் தெரியவில்லை. இராணுவத்தின் சக்தி வாய்ந்த தொலைநோக்கிகளையோ உளவுச் செய்மதிகளையோ கொண்டு விண்ணோடத்தின் சிறகைப் படமெடுத்துப் பார்த்தால் என்ன? இக்கோரிக்கை ஒருமுறையல்ல, மூன்று வேறு வழிகளில் எழுந்தது. இராணுவத்தினர் ஆயத்தங்களைத் தொடங்கியும் விட்டனர். ஜனவரி 22ஆம் திகதி, அக்கோரிக்கை உரிய வழியில் வரவில்லை, அதற்கான கட்டாயத் தேவையும் இல்லை என்று மேலதிகாரிகள் அதனை நிறுத்திவிட்டனர்.

அவர்கள் கொடியவர்களல்லர். நுரைத்துண்டுகள் முன்பும் கழன்று விழுந்திருக்கின்றன. 2002 ஒக்ரோபரில் அட்லாண்டிஸ் பறந்தபோதும் இதே இடத்திலிருந்து ஒரு துண்டு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் விண்ணோடம் பத்திரமாகத் திரும்பி வந்தது. ஆகவே ஆபத்து என்பது பழக்கமாகி, பழக்கம் பாதுகாப்பு என்று பெயர் பெற்றுவிட்டது. பயணத்தைக் கண்காணிக்கும் முகாமைக் குழு நாள்தோறும் கூட வேண்டுமென்பது விதி. பதினாறு நாட்களில் அது ஐந்து முறையே கூடியது. இடையே நீண்ட வார இறுதி விடுமுறையொன்றும் வந்தது.

சேதத்தை மதிப்பிடும் பணியில் முன்னின்ற ஹியூஸ்டன் நகர மூத்த பொறியியலாளர் ஒருவர், படமெடுக்கும் கோரிக்கை நிறுத்தப்பட்டதை அறிந்ததும் தம் கணனியின் முன் அமர்ந்து ஒரு மின்னஞ்சலை எழுதினார். கோபமும் கவலையும் கலந்த கடிதம் அது. இது தவறான முடிவு என்றும், பொறுப்பின்மையின் விளிம்பைத் தொடுகிறது என்றும், பாரதூரமான ஆபத்து இருக்கக் கூடும் என்றும் அதில் எழுதினார். பாதுகாப்பில்லையெனில் வாய் திறந்து சொல்லுங்கள் என்று அறிவுறுத்தி நாஸாவின் சுவர்களெங்கும் ஒட்டப்பட்டிருந்த சுவரொட்டிகளையும் நினைவூட்டினார். எழுதி முடித்தார். அச்செடுத்துச் சக ஊழியரொருவருக்குக் காட்டினார்.

அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லையென்று பின்னர் கேட்கப்பட்டபோது, தமக்கு மேலுள்ளவர்களைத் தாண்டிச் செல்ல விரும்பவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். இந்த விளக்கத்தை வாசிக்கும்போது அவரைக் குற்றஞ்சாட்டக் கை எழுவதில்லை. பங்கு மன்றக் கூட்டங்களிலும் பாடசாலை அலுவலகங்களிலும், ஏன், உணவு மேசையிலுங்கூட, தொண்டைவரை வந்த ஒரு சொல்லை விழுங்கியவர்கள்தாம் நாம். பெரியவர்கள் அறியாததா என்று நமக்கு நாமே சொல்லிக் கொள்வோம். நம்மில் பெரும்பாலோருக்கு அதன் விளைவு வெறும் மனக்கசப்போடு முடிந்துவிடுகிறது. அவருக்கு அப்படி முடியவில்லை.

அதற்கு அடுத்த நாள், ஜனவரி 23ஆம் திகதி, இன்னொரு கடிதம் எழுதப்பட்டது. இது அனுப்பப்பட்டது. பூமியிலிருந்து ஹஸ்பண்டுக்கும் மக்கூலுக்கும் சென்ற மின்னஞ்சல். ஏவுதலின்போது நுரைத்துண்டு ஒன்று சிறகில் மோதியது; இதனை முன்னரும் கண்டிருக்கிறோம்; திரும்பி வருவதையிட்டு எவ்விதக் கவலையும் இல்லை; பத்திரிகையாளர் எவரேனும் கேட்டால் நீங்கள் திகைக்கக் கூடாதென்பதற்காகவே அறியத் தருகிறோம் என்பது அதன் பொருள். ஹஸ்பண்ட் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். பின்னர் தம் ஆய்வுகளுக்குத் திரும்பினார். ஜனவரி 28ஆம் திகதி, 1986இல் அதே நாளில் சலஞ்சர் விண்ணோடத்தில் மாண்ட எழுவரையும் கொலம்பியாவின் எழுவரும் மௌனமாக நினைவுகூர்ந்தனர்.

பார்த்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்போர் உண்டு. அன்றும் கேட்டனர். விபத்தை ஆராய்ந்த குழு இக்கேள்வியை நாஸாவிடமே ஒப்படைத்து ஆராயச் செய்தது. பயணத்தின் ஏழாம் நாளளவில் சேதம் அறியப்பட்டிருந்தால், மார்ச் மாதப் பயணத்துக்காக ஆயத்தமாகிக் கொண்டிருந்த அட்லாண்டிஸை விரைவுபடுத்திப் பெப்ரவரி 10ஆம் திகதியளவில் ஏவியிருக்கலாம். கொலம்பியாவில் இருந்தவர்கள் அசைவைக் குறைத்து, மூச்சுக் காற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தி 15ஆம் திகதிவரை தாக்குப் பிடித்திருக்கலாம். ஒருவர்பின் ஒருவராக வெளியே மிதந்து மற்றைய விண்ணோடத்துக்கு மாறியிருக்கலாம். ஆபத்து மிகுந்த முயற்சிதான். ஒரு தவறும் நேராதிருக்க வேண்டும். ஆயினும் முடியாத காரியமல்ல என்பதே விடை.

பெப்ரவரி 1ஆம் திகதி காலை 8.44க்குக் கொலம்பியா வளிமண்டலத்தைத் தொட்டது. சிறகிலிருந்த துவாரத்தினூடாகத் தீக்காற்று உட்புகுந்தது. 8.54க்கு இடது சிறகின் உணர்கருவிகள் சில வாளாவிருந்தமையை ஹியூஸ்டனில் கண்டனர். 8.59க்கு இடது சில்லின் அழுத்தம் பற்றிய எச்சரிக்கை வந்தது. அது தங்களுக்குத் தெரிகிறது, ஆனால் உங்கள் கடைசிச் சொல் எங்களுக்குக் கேட்கவில்லை என்று தரையிலிருந்து அழைத்தனர். ஹஸ்பண்ட் ஆமோதித்து ஒரு சொல் சொன்னார். அடுத்த சொல் பாதியில் அறுந்தது.

டெக்ஸஸின் கிழக்கிலுள்ள பைன் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் கொலம்பியா துண்டு துண்டாக விழுந்தது. வந்து தேடியோர் 25,000க்கும் அதிகம். கைகோத்தாற்போல் வரிசையாக நின்று, முட்புதரையும் சதுப்பையும் கடந்து, அடியடியாக நிலத்தை அளந்தனர். சிற்றூர்களின் பெண்கள் மண்டபங்களில் அடுப்பு மூட்டி, அறியாத மனிதர்களுக்கு வாரக்கணக்கிற் சமைத்துப் போட்டனர். தேடுதலில் ஈடுபட்ட ஹெலிகொப்டர் ஒன்று மார்ச் 27ஆம் திகதி விழுந்து இருவர் உயிரிழந்தனர். மொத்தம் 84,000 துண்டுகள் வரை சேகரிக்கப்பட்டன. எடையில் விண்ணோடத்தின் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. எழுவரின் உடல் எச்சங்களும் கிடைத்தன.

அந்தக் குப்பைகளின் நடுவே எவரும் எதிர்பாராதவை சில இருந்தன. ஆய்வுக்காகக் கொண்டு செல்லப்பட்ட நுண்ணிய புழுக்கள், தம் உலோகச் சிமிழினுள்ளே உயிரோடிருந்தன. விழுந்த பின்னரும் பல தலைமுறைகள் பெருகியிருந்தன. கருகி உருக்குலைந்த கணனி வன்தட்டு ஒன்றிலிருந்து செனன் வாயுவைப் பற்றிய ஆய்வுத் தரவுகள் ஏறத்தாழ முழுமையாக மீட்கப்பட்டு, 2008இல் வெளியிடப்பட்டன. எழுவர் உறக்கம் துறந்து செய்த வேலையில் ஒரு பகுதியாவது கரை சேர்ந்தது.

விபத்து நிகழ்ந்து இரண்டு மாதங்களின் பின்னர், டெக்ஸஸின் பலஸ்தீன் என்னும் ஊருக்கு அண்மையில் (ஆம், அந்த ஊரின் பெயர் அதுதான்) ஒரு வயல்வெளியில் சில தாள்கள் கிடந்தன. மழையில் நனைந்து, வெயிலிற் காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஓட்டைகள் விழுந்திருந்தன. எழுத்து எபிரேய மொழியில் இருந்தது. உலோகம் உருகிய உயரத்திலிருந்து விழுந்த 37 பக்கங்கள் எரியாது தப்பியிருந்தன. அவை ரமோனின் மனைவி ரோனாவின் கையில் ஒப்படைக்கப்பட்டன. அவர் அவற்றை எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்திற்குக் கொண்டு சென்றார். காவல்துறையின் தடயவியல் ஆய்வாளர்களும் சேர்ந்து உழைத்து, மங்கிய எழுத்துக்களை மீட்டனர். பெரும்பாலானவை குடும்பத்துக்கு மட்டும் உரியவை என்பதால் வெளியிடப்படவில்லை. 2008இல் சில தாள்கள் மட்டும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில், ஓய்வுநாளின் ஆசீர் மன்றாட்டு, அவர் கையெழுத்திலேயே தெளிவாகத் தெரிந்தது.

ரோனாவின் துயரம் அத்தோடு நிற்கவில்லை. தந்தையின் வழியில் விமானியான மூத்த மகன் அசாப், 2009 செப்ரெம்பரில் பயிற்சிப் பறப்பின்போது விழுந்து இறந்தான். ரோனா பள்ளி மாணவர்களிடையே பணி செய்து, 2018இல் நோயினால் காலமானார்.

தோரா சுருள் கிடைக்கவில்லை. ரோனாவின் வேண்டுகோளின்படி, வதைமுகாமிலிருந்து தப்பிய இன்னொரு சிறு சுருளைக் கனேடிய வீரர் ஸ்ரீவ் மக்லீன் 2006இல் அட்லாண்டிஸில் விண்ணுக்கு எடுத்துச் சென்றார். அது பத்திரமாகத் திரும்பி வந்தது. நிலவுச் சித்திரத்தின் பிரதியும் கொலம்பியாவோடு அழிந்தது. ஆனால் அச்சித்திரத்தைப் பற்றிய செய்தி உலகெங்கும் பரவியபோது, பிராக் நகரில் ஒரு மனிதருக்குத் தம்மிடமிருந்த பழைய குறிப்பேடுகள் ஞாபகத்துக்கு வந்தன. முன்னர் தாம் வாங்கிய பழைய வீடொன்றில் கிடைத்தவை அவை. எடுத்துப் பார்த்தார். பீற்றர் கின்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்படுவதற்கு முன் எழுதிய நாட்குறிப்புகள்! அறுபது ஆண்டுகளாக எவரும் வாசிக்காதிருந்தவை. இஸ்ரேலில் வாழ்ந்து வந்த அவனுடைய தங்கையின் கைக்கு அவை சென்றன. அவர் அவற்றை நூலாக்கினார்.

பீற்றர் பிறந்தது 1928 பெப்ரவரி 1. கொலம்பியா விழுந்த நாள், அவன் உயிரோடிருந்திருந்தால் அவனுடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாள்.

ஹஸ்பண்டின் சொற்களும் உரியவர்களிடம் வந்து சேர்ந்தன. தாம் திரும்பாதுவிட்டால் தம் நினைவு வழிபாட்டில் என்ன சொல்ல வேண்டுமென்று அவர் எழுதி வைத்திருந்தார். தம் திறமையைப் பற்றியோ பதக்கங்களைப் பற்றியோ அல்ல, இயேசு தமக்கு மெய்யானவராக இருந்தார் என்பதையே சொல்லுமாறு அவர் கேட்டிருந்தார். அண்டர்சனும் அவ்வாறே தம் போதகரிடம், ஏதும் நேர்ந்தால் என்னையிட்டுக் கவலைப்பட வேண்டாம், நான் இன்னும் உயரத்துக்குத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சென்றிருந்தார். ஒளிநாடாக்கள் பிள்ளைகளிடம் இருந்தன.

அவ்வாண்டு ஜூலை 7ஆம் திகதி, டெக்ஸஸின் சான் அன்ரோனியோ நகரில், ஆய்வாளர்கள் அதே எடையுள்ள நுரைத்துண்டை அதே வேகத்தில் ஒரு சிறகுத் தகட்டின் மீது எய்து பார்த்தனர். நுரையினால் காபன் தகட்டை உடைக்க முடியுமா என்று அதுவரை ஐயுற்றவர்கள் பலர். தகட்டில் 40 சென்ரி மீற்றர் அகலத் துவாரம் விழுந்தது. பார்த்து நின்றவர்கள் வாயடைத்துப் போயினர்.

ஓகஸ்ட் 26ஆம் திகதி விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இயந்திரத்தின் பிழைக்கு நிகராக நிறுவனத்தின் பழக்கவழக்கங்களும் இவ்விபத்துக்குக் காரணம் என்று அது கூறியது. அவ்வறிக்கையின் ஆறாம் அதிகாரத்தில், ஜனவரி மாதம் ஹியூஸ்டனில் எழுதப்பட்ட அந்த மின்னஞ்சலும் அச்சாகியிருக்கிறது. எழுதியவர் அதனை அனுப்பவில்லை என்ற குறிப்பும் அதனோடு உண்டு. எழுதப்பட்டு ஏழு மாதங்களின் பின்னர், அதன் மேலதிகாரிகளும் உலகத்தோடு சேர்ந்து அதனை வாசித்தனர்.